காற்றிழுவையும் கயிற்றிழுவையும்

சமதளச் சாலையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் சைக்கிள் வீரர் காற்றை விலக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 190 வாட் திறனைச் செலவிடுகிறார். வேகத்தை 45 கி.மீ.க்கு உயர்த்தினால் அந்தச் செலவு 375 வாட் ஆகிறது. வேகம் கூடியது கால் பங்கு. செலவு கூடியதோ ஏறக்குறைய இரு மடங்கு. காற்றையோ நீரையோ ஊடுருவிச் செல்லும் பொருளின் இயக்கத்துக்கு எதிராக எழும் இந்த விசையே இழுவை விசை. பந்தயக் கார், நீச்சல் வீரர், மூடுபனித் துளி எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. பாறையேறும் வீரரின் கயிற்றைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் உண்டு. அதைப் பிறப்பிப்பது பாய்மம் அல்ல, உராய்வு. இவை ஒரே விதிக்கு அடங்குவதில்லை. ஒன்று வேகத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. ஒன்று வேகத்தின் இருமடியாக வளர்கிறது. இன்னொன்று கயிறு வளையும் கோணத்தைப் பொறுத்து அடுக்கடுக்காகப் பெருகுகிறது. எங்கே எந்த விதி என்பதில் தவறினால், எவ்வளவு பெரிய கணினியில் கணக்கிட்டாலும் விடை பிழையாகவே வரும்.

மேலே உள்ள எண்கள் ஓர் எளிய சூத்திரத்திலிருந்து பெறப்பட்டவை. பாய்மத்தின் அடர்த்தி, வேகத்தின் இருமடி, பொருளின் முகப்புப் பரப்பு, வடிவத்தைக் குறிக்கும் இழுவைக் கெழு ஆகிய நான்கையும் பெருக்கிப் பாதியாக்கினால் இழுவை விசை கிடைக்கும். மனித உடலின் முகப்புப் பரப்பையும் கெழுவையும் தனித்தனியே பிரித்து அளப்பது கடினம். அதனால் சைக்கிள் பந்தயத்தில் இரண்டின் பெருக்கத்தையே இழுவைப் பரப்பு என்ற ஒரே எண்ணாகக் கையாள்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது 0.4 சதுர மீட்டரைத் தாண்டும். வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பற்றிக் குனிந்தால் 0.3 அளவுக்கு இறங்கும். நேரப் பந்தயத்துக்கான நீட்டுக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி உடலைக் குறுக்கிக்கொள்ளும் தேர்ந்த வீரர் 0.2க்கு அருகில் வந்துவிடுவார். முதலில் சொன்ன கணக்கு 0.32 சதுர மீட்டர் இழுவைப் பரப்பையும் கன மீட்டருக்கு 1.2 கிலோ காற்றடர்த்தியையும் கொண்டது. விசை இருமடியில் வளர்கிறது. திறன் என்பது விசையும் வேகமும் பெருகியது. ஆகவே திறன் வேகத்தின் மும்மடியில் வளர்கிறது. இந்த மும்மடிதான் சமதளப் பந்தயங்களின் எல்லா உத்திகளுக்கும் வேர்.

1989 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள் இதைப் பலருக்குக் கண்முன் காட்டியது. வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயம். முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோனைவிட கிரெக் லெமாண்ட் 50 நொடி பின்தங்கியிருந்தார். லெமாண்ட் நீட்டுக் கைப்பிடியையும் காற்றைக் கிழிக்கும் தலைக்கவசத்தையும் பயன்படுத்தினார். ஃபின்யோன் வழக்கமான கைப்பிடியோடு, தலைக்கவசமின்றி, குதிரைவால் முடி காற்றில் பறக்க ஓட்டினார். மணிக்கு 54.5 கி.மீ. சராசரி வேகத்தில் ஓட்டிய லெமாண்ட் அன்று 58 நொடி ஈட்டி, மொத்தப் பந்தயத்தையும் 8 நொடி வித்தியாசத்தில் வென்றார். இரு வீரர்களின் உடல்நிலையும் மனநிலையும் ஒன்றாக இருந்திருக்காது. எனவே அந்த 58 நொடியையும் கைப்பிடியின் கணக்கில் எழுதுவது சரியல்ல. ஆனால் 8 நொடி என்பது அந்த வேகத்தில் இழுவையில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்துக்கே போதுமான இடைவெளி.

இருமடி விதியின் தொடக்கம் நியூட்டனிடம் இருக்கிறது. 1687இல் வெளியான 'பிரின்கிப்பியா'வின் இரண்டாம் பகுதி பெரும்பாலும் தடையுள்ள ஊடகத்தில் இயக்கம் பற்றியது. 1710இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் உச்சியிலிருந்து கண்ணாடிக் கோளங்களை விழவிட்டுச் செய்த சோதனைகளும் பின்னர் அந்நூலில் இடம்பெற்றன. நியூட்டனின் விளக்கம் துகள்கள் பொருளின் முன்பக்கத்தில் மோதுவதை அடிப்படையாகக் கொண்டது. வேகம் இரட்டித்தால் நொடிக்கு மோதும் துகள்களும் இரட்டிக்கும், ஒவ்வொன்றின் தாக்கமும் இரட்டிக்கும் என்ற அந்த வாதம் இருமடி விதியைச் சரியாகத் தந்தது. ஆனால் பொருளின் பின்பக்கத்தில் நடப்பதை அது கண்டுகொள்ளவில்லை. இழுவையின் பெரும்பகுதி உருவாவது பின்பக்கத்தில்தான்.

அதை உணர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலம்பேர் 1752இல் வெளியிட்ட நூலில் ஒரு சங்கடமான முடிவை எட்டியிருந்தார். பாகுநிலை அறவே இல்லாத பாய்மம் பொருளைச் சுற்றி வழுவின்றி ஓடினால், முன்பக்க அழுத்தத்தைப் பின்பக்க அழுத்தம் முழுமையாக ஈடுகட்டிவிடும், இழுவை பூச்சியமாகும். காற்றின் பாகுநிலை மிகச் சிறியது; அப்படியிருக்க அதைப் பூச்சியம் என்று கொண்டவுடன் கணக்கு நடைமுறையிலிருந்து இவ்வளவு விலகிப்போவது ஏன்? நாவியே 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் பாகுநிலையைச் சேர்த்து இயக்கச் சமன்பாடுகளை எழுதிய பிறகும் இந்தப் புதிர் தீரவில்லை. சமன்பாடு சரி, அதைத் தீர்க்கத்தான் வழியில்லை.

ஸ்டோக்ஸ் 1851இல் ஒரு மூலையை மட்டும் திறந்தார். மிகச் சிறிய கோளம் மிக மெதுவாக நகரும்போது பாகுநிலையே எல்லாவற்றையும் ஆள்கிறது. அங்கே இழுவை வேகத்தின் முதல் மடிக்கு விகிதமானது. அடர்த்திக்கு அதில் இடமே இல்லை. மூடுபனித் துளி தரையிறங்குவதும் நீரில் நுண்மண் படிவதும் பாக்டீரியா நீந்துவதும் இந்த விதிப்படி. பாக்டீரியா தன் கசையிழையை நிறுத்தினால் அது சறுக்கிச் செல்லும் தூரம் ஓர் அணுவின் அகலம்கூட இல்லை. இந்த உலகத்துக்கும் சைக்கிள் வீரரின் உலகத்துக்கும் இடையே எல்லை வகுப்பது ரெனால்ட்ஸ் எண். அடர்த்தி, வேகம், நீளம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்துப் பெறும் அந்த எண்ணின் முக்கியத்துவத்தை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய் நீரோட்டத்தில் சாய இழையை விட்டுக் காட்டினார். எண் சிறியதாக இருக்கும்வரை சாயம் ஒரே கோடாக ஓடியது. ஓர் அளவைக் கடந்ததும் கோடு கலைந்து குழாய் முழுவதும் கொந்தளித்தது. பாக்டீரியாவின் ரெனால்ட்ஸ் எண் ஒன்றைவிட மிக மிகக் குறைவு. சைக்கிள் வீரருக்கு அது பத்து லட்சம் அளவில் இருக்கும்.

தலம்பேரின் புதிருக்கு விடை 1904இல் ஹைடல்பெர்கில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில் லுட்விக் பிரான்டில் வாசித்த சிறிய கட்டுரையில் கிடைத்தது. பாய்மம் பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே அதன் வேகம் பூச்சியம். மேற்பரப்பிலிருந்து சற்றே விலகினால் வேகம் முழுமையாகிவிடுகிறது. இடையில் உள்ள மெல்லிய எல்லைப் படலத்தில்தான் பாகுநிலை வேலை செய்கிறது. படலம் எவ்வளவு மெல்லியது என்பது பெரிதல்ல; அது மேற்பரப்பை விட்டு எங்கே பிரிகிறது என்பதுதான் பெரிது. பொருளின் பின்பகுதியில் அழுத்தம் மீண்டும் ஏறத் தொடங்கும்போது, வேகம் குறைந்த அந்தப் படலம் எதிர்த்து ஓட வலுவின்றிப் பிரிந்துவிடுகிறது. அதன் பின்னால் சுழல்கள் நிறைந்த, அழுத்தம் தாழ்ந்த பின்தடம் உருவாகிறது. முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு. இந்த வேறுபாடே மழுங்கிய உடல்களின் இழுவையில் பெரும்பங்கு. மேற்பரப்பு உராய்வின் பங்கு விமான இறக்கையில் பெரிது. சைக்கிள் வீரரிடம் சிறிது.

பிரான்டிலின் கருத்தைக் கண்கூடாக நிறுவியது ஒரு முரண்பட்ட அளவீடு. கோபுரம் கட்டிய குஸ்தாவ் ஐஃபல் தம் பிற்காலத்தைக் காற்றியல் ஆய்வில் கழித்தார். தம் கோபுரத்திலிருந்து தகடுகளை விழவிட்டு இழுவையை அளந்தார். பிறகு பாரிசில் காற்றுச் சுரங்கங்களை அமைத்தார். கோளத்தின் இழுவைக் கெழுவை அவர் அளந்தபோது கிடைத்த மதிப்பு, ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிரான்டில் குழுவினர் அளந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. யார் அளந்ததில் பிழை என்ற கேள்வி எழுந்தது. இருவருமே சரியாகத்தான் அளந்திருந்தார்கள். ஐஃபல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் கெழு திடீரென்று சரிவதைக் கண்டார். வழவழப்பான கோளத்தில் ரெனால்ட்ஸ் எண் மூன்று லட்சத்தை ஒட்டி வரும்போது கெழு 0.5 அருகிலிருந்து 0.2க்கும் கீழே விழுகிறது. 1914இல் பிரான்டில் காரணத்தைக் காட்டினார். கோளத்தின் முன்பகுதியில் ஒரு மெல்லிய கம்பி வளையத்தை ஒட்டினார். மேற்பரப்பு கரடானது, இழுவையோ குறைந்தது. கம்பி எல்லைப் படலத்தைக் கொந்தளிக்க வைக்கிறது. கொந்தளித்த படலம் வெளியோட்டத்திலிருந்து வேகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் சற்றுத் தொலைவு மேற்பரப்போடு ஒட்டி ஓடுகிறது, பின்தடம் ஒடுங்குகிறது. இழுவை ஆய்வின் வரலாற்றில் இதைவிட அழகான சோதனை அரிது. ஒரு துண்டுக் கம்பியால் ஒரு கோட்பாடே நிறுவப்பட்டது.

கோல்ஃப் பந்தின் குழிகள் இதே வேலையைச் செய்கின்றன. அதன் வேகத்தில் வழவழப்பான பந்து சரிவுக்கு முந்தைய நிலையிலேயே நின்றுவிடும். குழிகள் சரிவைத் தாழ்ந்த ரெனால்ட்ஸ் எண்ணுக்கே இழுத்து வந்து இழுவையை ஏறத்தாழப் பாதியாக்குகின்றன. மணிக்கு ஐம்பது கி.மீ.க்கு மேல் செல்லும் சைக்கிள் வீரரின் மேற்கைக்கு ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்தை ஒட்டி அமைகிறது. கோடுகளும் புடைப்புகளும் கொண்ட துணியால் அந்த இடத்தில் சரிவை வரவழைக்க முடியும். நேரப் பந்தய உடையின் தோள்களிலும் கைகளிலும் மட்டும் துணி கரடாக இருப்பது இதற்காகவே. ஒரு வேகத்துக்குப் பொருந்தும் துணி இன்னொரு வேகத்தில் பயனற்றுப் போவதும் இதனால்தான்.

பின்தடத்தின் தாழ்ந்த அழுத்தம் அதில் நுழைபவருக்கு ஆதாயம். ஒட்டிப் பின்தொடரும் வீரரின் இழுவை கால் பங்கோ அதற்கு மேலோ குறையும் என்பது பந்தயத்தில் நெடுங்காலமாகத் தெரிந்தது. முன்னால் போகிறவருக்கும் ஆதாயம் உண்டு என்பது அவ்வளவு எளிதில் புலப்படவில்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கணினிக் கணிப்பில், நேரப் பந்தய நிலையில் இருக்கும் முன்வீரரின் இழுவை பின்வீரரால் 2.6 சதவீதம் குறைந்தது. பின்னால் இருக்கும் உடல் முன்னவரின் பின்தடத்தில் அழுத்தத்தைச் சற்று உயர்த்திவிடுகிறது. முன்னவரைப் பின்னுக்கு இழுக்கும் விசை தளர்கிறது. கார்ப் பந்தயத்தில் இதன் பயன் முன்பே தெரிந்திருந்தது. 1960 டேட்டோனா 500 பந்தயத்தில், தம்மைவிட வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டால் சமமாகச் செல்ல முடிகிறது என்று ஜூனியர் ஜான்சன் பயிற்சியின்போது கண்டுகொண்டு பந்தயத்தையும் வென்றார். இரண்டு கார்கள் ஒட்டிச் சென்றால் தனிக் காரைவிட இரண்டுமே வேகமாகச் செல்லும்.

2018இல் பிளாக்கன் குழுவினர் 121 வீரர்கள் கொண்ட முழுக் கும்பலையே மீத்திறன் கணினியில் கணித்தார்கள். ஏறத்தாழ 300 கோடிக் கண்ணறைகள் கொண்ட வலையமைப்பு அதற்குத் தேவைப்பட்டது. கும்பலின் நடு, பின் வரிசைகளில் இருப்பவரின் இழுவை தனி வீரரின் இழுவையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே என்று விடை வந்தது. அதுவரை பாதி அளவுக்கே குறையும் என்று கொண்டு உத்திகளைக் கணித்து வந்தவர்களுக்கு இது பெரும் வியப்பு. விடையை அப்படியே நம்பாமல், கால் அளவில் செய்த 121 பொம்மைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வரிசைப்படுத்தி அளந்து சரிபார்த்ததுதான் அந்த ஆய்வின் உண்மையான பலம். கும்பலை விட்டுத் தனியே பிரிந்து ஓடுகிறவர் பெரும்பாலும் பிடிபட்டுவிடுவதற்கும் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது.

சாலை மேலேறத் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. ஆல்ப்ஸ் மலையின் அல்ப் துயேஸ் ஏற்றம் 13.8 கி.மீ. நீளம், சராசரிச் சரிவு 8.1 சதவீதம். சைக்கிளோடு சேர்த்து 75 கிலோ எடையுள்ளவர் அதில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராக ஏறத்தாழ 330 வாட் போகும். டயர் உருள்வதற்குப் பதினாறு வாட். காற்றுக்கு முப்பது வாட் மட்டுமே. சமதளத்தில் மொத்தச் செலவில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிய காற்று, இங்கே பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது. புவியீர்ப்புக்கான திறன் வேகத்தின் முதல் மடியில் வளர்கிறது என்பதால், ஏற்றத்தில் கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு வாட்டும் சமதளத்தைவிட அதிக நேரத்தை ஈட்டித் தருகிறது. எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் சற்று மிகுதியாக உழைத்து, இறக்கத்திலும் பின்காற்றிலும் இளைப்பாற வேண்டும் என்ற உத்தி இதிலிருந்து பிறந்தது. மலையேற்றத்தில் பின்தொடர்வதன் பயன் தேய்ந்துபோவதால்தான் பெரும் பந்தயங்களின் வெற்றி மலைகளில் தீர்மானிக்கப்படுகிறது.

உயரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரில் காற்றடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கான சாதனையை எட்டி மெர்க்ஸ் 1972இல் அங்கே 49.431 கி.மீ. என்று நிறுவினார், 1984இல் பிரான்செஸ்கோ மோசர் தட்டுச் சக்கரங்களோடு 51.151 கி.மீ. ஓட்டியதும் அங்கேதான். மெல்லிய காற்று இழுவையைக் குறைக்கும். அதே காற்று உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனையும் குறைக்கும். இரண்டில் எது வெல்லும் என்பது வீரரின் உடலைப் பொறுத்தது. 2022 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஹன் உள்ளரங்கில் 55.548 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்த டேன் பிகம் தொழிலால் காற்றியல் பொறியாளர். அதே ஆண்டு அக்டோபரில் அதே அரங்கில் பிலிப்போ கன்னா 56.792 கி.மீ. ஓட்டினார். அரங்கின் உயரம் பெரிதல்ல. நிலை, உடை, சக்கரம், தடத்தின் வெப்பநிலை எனச் சிறு சிறு குறைப்புகள் சேர்ந்ததே அந்தத் தூரம்.

பாறையேற்றத்தில் இழுவை என்றால் காற்றுக்கு அங்கே வேலையில்லை. முதலில் ஏறுபவர் இடுப்பில் கட்டிய கயிற்றை, பாறையில் பொருத்திய பிடிமானங்களின் காரபினர் வளையங்களில் கோத்துக்கொண்டே மேலே போகிறார். ஒவ்வொரு வளையத்திலும் பாறை விளிம்பிலும் கயிறு சற்று வளைகிறது. வளையும் இடமெல்லாம் உராய்கிறது. துறைமுகத்தில் கப்பல் கயிற்றைக் குற்றியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் ஒருவர் கையால் கப்பலைத் தாங்க முடிவது எந்த விதியாலோ அதே விதிதான் இங்கும். ஆய்லர், ஐடெல்வைன் பெயர்களால் அறியப்படும் அந்தச் சமன்பாட்டின்படி, கயிற்றின் இரு முனை இழுவிசைகளின் விகிதம் உராய்வுக் கெழுவையும் மொத்த வளைவுக் கோணத்தையும் பெருக்கிய அடுக்கில் வளர்கிறது. வளையத்தின் தடிமனுக்கு அதில் பங்கில்லை; கோணங்கள் மட்டும் கூட்டப்படுகின்றன, விசைகள் பெருக்கப்படுகின்றன.

உராய்வுக் கெழுவை 0.2 என்று கொள்வோம். பத்து வளையங்களில் ஒவ்வொன்றிலும் கயிறு 30 பாகை திரும்பினால் மொத்தம் 300 பாகை. கீழ்முனையில் ஒரு கிலோ எடைக்கு ஈடான இழுவிசை மேல்முனையில் 2.85 கிலோவாக உணரப்படும். பிடிமானத்துக்கும் கயிற்றுக்கும் இடையே நீளமான நாடாப் பட்டைகளைச் சேர்த்து ஒவ்வொரு திருப்பத்தையும் 10 பாகையாகக் குறைத்தால் அது 1.42 கிலோவாக இறங்கிவிடும். அடுக்கு வளர்ச்சியின் கொடுமையும் நன்மையும் இதில் தெரிகிறது. கடைசி ஓரிரு வளைவுகளைச் சேர்ப்பது முந்தைய எல்லாவற்றையும் பெருக்குகிறது. ஓரிரு கூர்வளைவுகளை நீக்குவது எல்லாவற்றையும் தளர்த்துகிறது. இடமும் வலமும் மாறி மாறிச் செல்லும் பாதையில் இரு மெல்லிய கயிறுகளைக் கொண்டு ஒன்றை இடப்பக்கப் பிடிமானங்களிலும் மற்றதை வலப்பக்கத்திலும் கோப்பது இதற்கான பழைய தீர்வு.

இதை வெறும் களைப்பின் சிக்கலாகப் பார்ப்பது ஆபத்து. ஏறுபவர் விழும்போது அவரைத் தாங்குவது கயிற்றின் நீட்சி. முழு நீளமும் நீண்டால் அதிர்ச்சி மெல்ல உள்வாங்கப்படும். உராய்வு மிகுந்திருந்தால் மேலிருந்து கடைசிச் சில மீட்டர்களே நீள்கின்றன; கீழே உள்ள கயிறு வளையங்களில் பிடிபட்டு அசையாமல் கிடக்கிறது. நீளும் கயிறு குறையக் குறைய விழுபவர் மீதும் மேற்பிடிமானத்தின் மீதும் வரும் விசை ஏறுகிறது. விழுந்த தூரத்தை மொத்தக் கயிற்று நீளத்தால் வகுத்து எண் சிறியது என்று நிம்மதியடைபவர், உராய்வைக் கணக்கில் எடுத்தால் அதே விழுகை எவ்வளவு கடுமையானது என்று காண்பார்.

கார்ப் பந்தயத்தில் இழுவை ஒரு விலை. ஃபார்முலா 1 காரின் இழுவைக் கெழு 0.7க்கும் மேல் இருக்கும். சாதாரணச் சாலைக் கார் 0.3ஐ ஒட்டியே இருக்கிறது. இறக்கைகளும் தரைத்தளமும் காரைத் தரையோடு அழுத்துவதற்காக அந்த விலையைக் கொடுக்கிறார்கள். அழுத்தம் கூடினால் டயரின் பிடிப்பு கூடும், வளைவுகளில் வேகம் கூடும். நேர்ப்பாதையில் இழப்பதைவிட வளைவில் ஈட்டுவது மிகுதியா என்பது தடத்துக்குத் தடம் மாறும். நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட இத்தாலியின் மொன்சாவுக்கு மெல்லிய இறக்கை, குறுகிய வளைவுகள் நிறைந்த மொனாக்கோவுக்கு அகன்ற இறக்கை. சைக்கிள் வீரருக்கு அடைக்கலமான பின்தடம் இங்கே பின்தொடரும் காருக்குத் தொல்லையாகிறது. கலங்கிய காற்றில் அதன் இறக்கைகள் பிடிப்பை இழக்கின்றன. நேர்ப்பாதையில் பின்இறக்கையைத் திறந்து இழுவையைக் குறைக்கும் ஏற்பாடு 2011இல் வந்ததும், 2022இல் காரின் வடிவ விதிகளே மாற்றப்பட்டதும் முந்திச் செல்வதை எளிதாக்கத்தான்.

இவற்றையெல்லாம் கணினியில் உருவகப்படுத்துவதில் இரு நிலைகள் உண்டு. ஒன்று, பாய்மத்தின் ஓட்டத்தையே கணித்து இழுவையைப் பெறுவது. மற்றது, இழுவை என்ன என்று தெரிந்தபின் பந்தயத்தையோ ஏற்றத்தையோ நேரத்தில் முன்னகர்த்திப் பார்ப்பது. முதலாவதன் பாடுகள் நீண்டவை. 1953இல் ஜப்பானின் மிதுதோசி கவாகுதி ஓர் உருளையைச் சுற்றிய ஓட்டத்தை ரெனால்ட்ஸ் எண் 40இல் மேசைக் கணக்குப் பொறியால் கணித்தார். வாரம் 20 மணி நேரமாக ஒன்றரை ஆண்டு அதற்குப் பிடித்தது. பத்தாண்டுகளில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஃபிராமும் ஹார்லோவும் பின்தடச் சுழல்கள் மாறி மாறி உதிர்வதையே கணினியில் வரைந்து காட்டினார்கள். 1972இல் இந்தியப் பொறியாளர் சுஹாஸ் படாங்கரும் பிரையன் ஸ்பால்டிங்கும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வகுத்த தீர்வுமுறை, அழுத்தத்தையும் வேகத்தையும் மாறி மாறித் திருத்தி ஒன்றோடொன்று பொருந்தச் செய்தது. இன்றைய பொறியியல் மென்பொருள்களில் அதன் வழித்தோன்றல்களைக் காணலாம்.

தடை கொந்தளிப்பில்தான். எல்லாச் சுழல்களையும் விடாமல் கணிக்க வேண்டிய கண்ணறைகளின் எண்ணிக்கை ரெனால்ட்ஸ் எண்ணின் இரண்டேகால் மடியில் வளர்கிறது. சைக்கிள் வீரரின் பத்து லட்சத்துக்கு அது ஏறத்தாழ முப்பது லட்சம் கோடி. ஆகவே சுழல்களைச் சராசரியாக்கி, அவற்றின் விளைவை ஒரு தோராய மாதிரியால் ஈடுகட்டுகிறார்கள். சராசரியாக்கும் வழியை ரெனால்ட்ஸே 1895இல் காட்டியிருந்தார். 1970களில் இம்பீரியல் கல்லூரியில் வளர்ந்த மாதிரிகள் ஒட்டி ஓடும் படலத்தை நன்றாகவும், பிரியும் படலத்தைச் சுமாராகவும் கணித்தன; 1990களில் ஃபுளோரியான் மென்ட்டர் உருவாக்கிய மாதிரி பிரிவின் இடத்தைக் கணிப்பதில் முன்னேறியது. பெரிய சுழல்களை மட்டும் நேரடியாகக் கணிக்கும் இன்னொரு வழி வானிலை ஆய்வுக்காக ஸ்மகோரின்ஸ்கி 1963இல் முன்வைத்தது. செலவு அதிகம், நம்பகமும் அதிகம். மழுங்கிய உடலின் இழுவை முழுவதும் படலம் எங்கே பிரிகிறது என்பதைப் பொறுத்தது என்பதால், மாதிரியைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் விடையின் ஒரு பகுதியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். வலையை இருமுறை நெருக்கமாக்கி விடை அசைகிறதா என்று பார்க்காத கணிப்புக்கும், அளவீட்டோடு ஒப்பிடாத வண்ணப் படத்துக்கும் ஆய்வு மதிப்பு இல்லை.

2010இல் ஃபார்முலா 1க்குள் நுழைந்த விர்ஜின் அணி காற்றுச் சுரங்கத்தை நாடாமல் கணினிக் கணிப்பால் மட்டுமே தன் காரை வடிவமைத்தது. அந்த ஆண்டு அணிகள் பட்டியலில் அது கடைசி இடம். புதிய அணி, சிறிய பணம், முழுப் பந்தயத்துக்குப் போதாத எரிபொருள் தொட்டி என்று வேறு காரணங்களும் இருந்ததால், தோல்வியைக் கணிப்பின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 2011 நடுவில் அந்த அணியும் சுரங்கத்துக்குத் திரும்பியது. சுரங்கத்துக்கும் குறைகள் உண்டு. காரின் கீழே தரையும் நகர வேண்டும், பொம்மையின் அளவு சிறியது, சுவர்கள் ஓட்டத்தை நெருக்குகின்றன. 2022இல் பல அணிகளின் கார்கள் நேர்ப்பாதையில் குதிக்கத் தொடங்கியதைக் கணினியும் சுரங்கமும் போதிய அளவு முன்னறிவிக்கவில்லை. காற்றழுத்தமும் காரின் தொங்கல் அமைப்பும் டயரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. அசையாமல் நிறுத்திவைத்த காரில் அது தோன்றாது.

இரண்டாம் நிலை உருவகம் எளிது. ஆனால் பிழைக்கும் இடம் தருவது. வீரரின் திறனை வேகத்தால் வகுத்து உந்துவிசையைப் பெற்று, காற்று, உருளல், சரிவு மூன்றையும் கழித்து, நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். சிறு நேரப் படிகளில் கூட்டிக்கொண்டே போனால் முழுப் பந்தயமும் விரியும். 1998இல் ஜேம்ஸ் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இத்தகைய மாதிரி, சங்கிலியின் இழப்பையும் சக்கரச் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டு, அளந்த திறனை மிக நெருக்கமாகக் கணித்தது. தொடக்கத்தில் வேகம் பூச்சியம் என்பதால் உந்துவிசை எல்லையின்றிப் பெருகிவிடும். அதற்கு உச்சவரம்பு வேண்டும். பின்காற்று வீரரைவிட வேகமாக வீசினால் இழுவை அவரை முன்னுக்குத் தள்ள வேண்டும். வேகத்தை வெறுமனே இருமடியாக்கினால் குறி தொலைந்து, தள்ள வேண்டிய காற்று இழுக்கும். நுண்துளிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி காற்றின் வேகத்துக்கு ஏறத்தாழ 0.3 மில்லி நொடியில் இசைந்துவிடும். எளிய முன்கணிப்பு முறையில் நேரப் படி அதன் இருமடங்கைத் தாண்டினால் துளியின் வேகம் படிக்குப் படி குறி மாறி வெடித்துப் பெருகும். கயிற்றிலோ உராய்வின் திசை கயிறு நகரும் திசையைப் பொறுத்து மாறுகிறது. ஏறும்போது ஏறுபவரைக் கீழே இழுக்கும் அதே உராய்வு, விழும்போது கீழே பிடித்திருப்பவரின் சுமையைக் குறைக்கிறது. அசையாமல் நிற்கும் கயிற்றில் அது இரண்டுக்கும் இடைப்பட்ட எந்த மதிப்பையும் கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு சைக்கிள் வீரரின் உருவகத்தில் மிகக் கடினமாக எஞ்சியிருப்பவை அவருடைய கால்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான காற்றுச் சுரங்க ஆய்வு, மிதியின் நிலையைப் பொறுத்து இழுவை ஒரே சுற்றுக்குள் 20 சதவீதம் வரை மாறுவதைக் கண்டது. இரு தொடைகளும் ஒரே உயரத்தில் இருக்கும்போது பின்தடம் சமச்சீராகவும் சிறியதாகவும் இருக்கிறது. ஒரு கால் நீண்டு மற்றது மடங்கும்போது இடுப்பின் இருபுறமும் வலுவான சுழல்கள் சமச்சீரின்றி உருண்டு இழுவையை ஏற்றுகின்றன. கணினியில் உறைந்த காலோடு கிடைக்கும் இழுவைப் பரப்பு எந்த மிதி நிலையில் எடுத்தது என்று சொல்லப்படாதவரை அரைகுறையான எண். தடத்தில் திறன்மானியோடு பல சுற்றுகள் ஓட்டிப் பெறும் எண் எல்லா நிலைகளின் சராசரி. காற்றியலாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒரு வீரரின் நிலையை முடிவு செய்கிறார்கள்.